கண்டிக்கோட்டைக்குச் சென்ற வழி



சென்ற டிசம்பரில் லிங்கராஜபுரத்திலிருந்து காரில் கண்டிக்கோட்டைக்குக் குடும்பத்துடன் சென்றோம். கடப்பை மாவட்டத்தில் எர்ரமலைக் குன்றுகளை வடபெண்ணையாறு அறுத்தோடிய செம்பாறைப் பள்ளம் அது. 'கண்டி' என்றால் தெலுங்கில் மலையிடுக்கு. ஜம்மலமடுகுக்கு 2016-இலேயே இரயில் வந்துவிட்டது; இரயில்வேக்காரன் காரில் சென்றதைப் பொறுத்தருள்க!

கூடாரமடிக்கும் மேட்டுக்குச் செல்லும் கடைசி மண்தடத்தில் கற்கள் வண்டியின் அடியை உரசின. ஆட்களை இறக்கிவிட்டு ஊர்ந்தே சென்றேன். அதனால் பொழுது சாய்ந்துவிட்டது. பிள்ளைகளோடு செல்வோர் வெளிச்சத்திலேயே சேர்ந்துவிடுங்கள். நாங்கள் நின்ற விளிம்பில் கைப்பிடிச் சுவரில்லை. என் இளைய மகன் ஆற்றைக் காண ஓடினான்.

"அப்படியே உட்காரடா!" என்று கூவினாள் என் மனைவி. உட்கார்ந்தான். அவனுக்கு அப்பால் நான்கடிப் பாறை. பிறகு வெறும் வெளி.

அவ்விரவு கூடாரத்தில் அவன் கையை அவள் விடவேயில்லை.