விண்ணை ஆராய ஓர் உபகாரச் சம்பளம்

வானநூல் என்றவுடன் தொலைநோக்கியும் விண்மீனும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆராய்கின்றவருடைய சாப்பாட்டுச் செலவும் வீட்டு வாடகையும் வருவதில்லை. டாக்டர் பட்டம் பெற மூன்று நான்கு ஆண்டுகளேனும் உழைத்தாக வேண்டும். ஊதியமின்றி அத்தனை ஆண்டும் வாழ வசதியுள்ளவர்க்கே அவ்வழி திறந்திருக்குமாயின், வானம் எல்லோர்க்கும் பொது என்று நாம் கூறுவது வெறும் பேச்சேயாகும்.

இதனை நன்குணர்ந்தவர் ஜோசலின் பெல் பர்னெல் அம்மையார். 1943-ஆம் ஆண்டில் வட அயர்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக் கழகத்துப் பௌதிகச் சிறப்பு வகுப்பில் அவர் ஒருவரே பெண். அவர் உள்ளே நுழையும்போதெல்லாம் மாணவர்கள் தரையை உதைத்து ஆரவாரம் செய்வார்களாம். பின்னர் கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சி மாணவியானார். தமக்குத் தவறுதலாக இடம் கிடைத்துவிட்டதென்றும், ஒருநாள் வெளியேற்றிவிடுவார்கள் என்றும் அங்கே அஞ்சியதாக அவரே கூறியிருக்கிறார். அவ்வச்சமே எதனையும் கூர்ந்து நோக்கச் செய்தது. 1967-இல், ரேடியோ தொலைநோக்கி நாள்தோறும் வரைந்து தந்த ஏறத்தாழ நூறடிக் காகிதச் சுருளில், கால் அங்குலமே இருந்த ஒரு கிறுக்கலை அவர் ஒதுக்கிவிடவில்லை. ‘பல்சார்’ எனப்படும் துடிப்பு விண்மீனின் முதற் சுவடு அதுவே. 1974-இல் அதன்பொருட்டு நோபெல் பரிசில் பங்கு பெற்றவர் அவருடைய பேராசிரியர், மாணவிக்குப் பங்கில்லை.

2018-இல் 30 லட்சம் டாலர் கொண்ட வேறொரு பரிசு அம்மையாருக்குக் கிடைத்தது. அத்தொகை முழுவதையும் அவர் பௌதிக ஆராய்ச்சி மாணவர்க்கு உபகாரச் சம்பளம் வழங்க அளித்துவிட்டார். பெண்கள், சிறுபான்மை இனத்தார், அகதிகள், உடற்குறை உள்ளோர், வறியோர் முதலியோர்க்கு அந்நிதி உரியது. இதனைத் தருமம் என்று மட்டும் கொள்ளலாகாது. புதிய இடத்திலிருந்து வருவோர் புதிய வினாக்களையும் கொண்டு வருவர். அது விஞ்ஞானத்துக்கே ஆதாயம் என்பது அவர் கருத்து.

நம் நாட்டிலும் இதற்குச் சான்றுண்டு. டாக்கா மாவட்டத்துச் சிற்றூரில் சிறு கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த மேகநாத சாஹா, மருத்துவர் ஒருவர் உணவும் உறைவிடமும் அளித்ததால்தான் பள்ளிப் படிப்பைத் தொடர முடிந்தது. அச்சிறுவரே 1920-இல், விண்மீனின் ஒளியைக் கொண்டு அதன் வெப்பத்தை அறியும் வழியை உலகுக்குக் காட்டினார். அந்த மருத்துவர் இல்லாதிருந்தால்?

இன்று பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் முதலியோர்க்கு ஆராய்ச்சி உதவித்தொகைகள் உண்டு. ஆயினும் அறிவிப்புகளை மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாம் ஒன்றை அறிவோம்: தகுதியுடையவரின் காதுக்கு எட்டாத அறிவிப்பினால் பயனில்லை. தாய்மொழியில், காலத்தில், எளிய சொற்களில் அது கிராமத்துக் கல்லூரி வரை சென்றடைதல் வேண்டும். இசைந்த தொகையும் மாதந்தோறும் தவறாது கைக்கு வருதல் வேண்டும். நேயர்களே, உங்கள் ஊரில் இரவு வானத்தை அண்ணாந்து பார்த்துக் கேள்வி கேட்கும் சிறுவனோ சிறுமியோ இருப்பின், இவ்வழிகள் உண்டென்பதை இன்றே சொல்லி வையுங்கள்.