சமாதானம் கற்க எப்பாடங்களை எடுப்பது?
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பல்கலைக்கழகத்திலே பொருளியலைப் பிரதான பாடமாகவும் சமாதானக் கற்கையை உபபாடமாகவும் எடுத்திருக்கிறேன் என்றதும் என் பெரியப்பா கேட்டார்: "தம்பி, சமாதானமும் ஒரு பாடமோ? அதைப் படிச்சு என்ன உத்தியோகம் எடுக்கிறது?"

உத்தியோகத்துக்கு நான் உத்தரவாதம் கூற இயலாது. ஆயினும் இது நேற்று முளைத்த பாடமன்று. அமெரிக்காவிலே, இந்தியானா மாநிலத்து மான்செஸ்டர் கல்லூரி 1948இல் இதைக் கற்பிக்கத் தொடங்கிற்று. 1959இல் நோர்வேயின் ஒஸ்லோ நகரிலே யொஹான் கால்துங் ஓர் ஆய்வு நிலையத்தை நிறுவினார். இங்கிலாந்தின் பிராட்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1973இல் தனித் துறையே உண்டாயிற்று.

என் சங்கடம் வேறு. உபபாடத்தை நிரப்ப எவ்வெவற்றை எடுப்பது? முதலாண்டிலே, தலைப்பில் 'சமாதானம்' என்ற சொல் கண்ட மூன்றையும் வாரிக்கொண்டேன். யுத்தம் இல்லாதிருப்பது ஒருவகைச் சமாதானம், அநீதியும் இல்லாதிருப்பதே முழுச் சமாதானம் என்னும் கால்துங்கின் கருத்தை மூன்று பரீட்சைகளிலும் எழுதினேன். மூன்றிலும் சித்தியடைந்தேன்! கற்றது ஒன்றுதான்.

பின்பே, இத்துறையை ஆக்கியோர் எதைக் கற்றவர்கள் என்று தேடினேன். கால்துங் கணிதமும் சமூகவியலும் பயின்றவர். கெனத் போல்டிங் பொருளியலாளர். லூயிஸ் பிரை றிச்சட்சனோ வானிலை ஆராய்ச்சியாளர். தாம் பணிபுரிந்த வானிலை நிலையம் விமானப்படை அமைச்சின் கீழ்ச் சென்றதும், 1920இல் அப்பதவியைத் துறந்தார். யுத்தங்களை எண்ணிக் கணக்கிடுவதிலே பின்னாளைச் செலவிட்டார். பொது எல்லையின் நீளத்துக்கும் யுத்தத்துக்கும் தொடர்புண்டோ என ஆராயப் புகுந்தவர் ஒரு விந்தையைக் கண்டார். ஸ்பெயினுக்கும் போர்த்துக்கலுக்கும் இடையிலுள்ள ஒரே எல்லைக்கு ஒரு கணக்கு 987 கிலோமீற்றர், மற்றது 1214! எவரும் பொய் சொல்லவில்லை. அளவுகோல் சிறுக்க, வளைவு நெளிவெல்லாம் சேர்ந்து எல்லை நீளும்.

2009இல் முடிந்த நம் நாட்டு யுத்தத்திலே மாண்டோர் தொகையை இன்றும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறோம். எந்தக் கோலால் அளந்தனர் என்று கேட்கத் தெரியாதவன் சமாதானம் பேசி யாது பயன்? ஆகவே இரண்டாமாண்டில் புள்ளிவிபரவியலை எடுத்தேன். கடினந்தான்; முதற் பரீட்சையில் மயிரிழையில் தப்பினேன்.

அடுத்தது சிங்களம். இதைச் சொல்லும்போது சில முகங்கள் மாறுவதைக் காண்கிறேன். விடுதியில் என் அறைத்தோழன் குருநாகலைச் சேர்ந்தவன். இருவரும் ஆங்கிலத்திலே பேசுவோம். அவன் தமையன் இராணுவத்தில் இருந்தவர். ஒருநாள் இரவு அவரைப் பற்றி ஏதோ சொல்ல வந்தான். அவனுக்கு ஆங்கிலம் போதவில்லை, எனக்குச் சிங்களம் இல்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம். அவன் சொல்ல வந்தது இன்னதென இன்றுவரை அறியேன்.

பாடப்பதிவுக்கு இன்னும் இரு வாரமுண்டு. இவ்வாண்டு பல்கலைக்கழகம் புகும் தம்பி தங்கையர் எவரும் கூட்டம் முடிந்தபின் என்னிடம் வரலாம். பாடப் பட்டியல் கையிலிருக்கிறது. சிங்கள வகுப்புக்கு இரு பெயர் ஏற்கெனவே சேர்ந்துள்ளன.