குவளையில் இருக்கும் மலை
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சுகாதாரம் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். இன்று எல்லோருக்கும் தந்திருக்கும் நூற்றாண்டுக் குவளையைப் பற்றிப் பேசுகிறேன், அது எப்படியும் சுகாதாரத்தில் வந்து நிற்கும் என்றேன். சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

குவளையின் ஒரு பக்கம் நமது இலச்சினை. மறுபக்கம் ஒரு பழைய தபாலட்டைப் படம். மலைச்சரிவு, நிரைநிரையாகத் தேயிலை, தூரத்தில் ஸ்டோர், முன்னால் கூடை சுமந்த பெண்கள். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளாட்டே கம்பனியும், அதற்கு முன்பே படமெடுத்த ஸ்கீன் கம்பனியும் இப்படியான காட்சிகளை ஏராளமாக விற்றன. லிப்டன் ஊவாவில் தோட்டங்கள் வாங்கியதும் அதே 1890இல்தான். தேயிலையோடு மலையின் படமும் கப்பலேறியது.

பீங்கானில் நிலக்காட்சி பதிப்பது அதைவிடப் பழைய தொழில். செப்புத் தகட்டில் படத்தைச் செதுக்கி, மெல்லிய தாளில் எடுத்து, பாத்திரத்தில் ஒட்டிச் சூளையில் சுடுவார்கள். இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் வெளியிட்ட இந்தியக் காட்சிகளை அப்படித்தான் தட்டுகளில் பதித்தார்கள். ஓர் ஊர்க் கோயிலை இன்னோர் ஊர் ஆற்றங்கரையில் வைக்கவும் தயங்கவில்லை. வாங்குகிறவருக்கு எந்த ஊராயிருந்தால் என்ன? வில்லியத்தின் தம்பி சாமுவேல் டேனியல் இலங்கைக்கே வந்து, 1808இல் பன்னிரண்டு காட்சிகளை வெளியிட்டு, 1811இல் இங்கேயே இறந்தார். அவர் வரைந்த காலத்தில் இந்த மலைகளில் தேயிலையும் இல்லை, நமது ஆட்களும் இல்லை.

இனி நமது குவளையைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டோர் தெரிகிறது. துரை பங்களாவின் கூரைகூடத் தெரிகிறது. லயம் எங்கே? இந்தப் பெண்கள் விடியற்காலையில் எழுந்து ரொட்டி சுட்டு, குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, பெரட்டுக்களத்துக்கு ஓடி வந்த காம்பராக்கள் எங்கே? லயம் அழகாக இல்லை. அதனால் படத்துக்குள் வரவில்லை. பெண்களுக்குப் பெயரும் இல்லை. இந்த மாதிரிப் படங்களின் கீழே பெரும்பாலும் "தேயிலை கொய்வோர், இலங்கை" என்று மட்டும்தான் இருக்கும்.

படத்தோடு போகிற விஷயமல்ல இது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இதே ஆட்களை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் கிளினிக் அட்டையில் விலாசம் கேட்டால் தோட்டத்தின் பெயர், டிவிஷன், லய இலக்கம் என்றுதான் பலர் சொல்கிறார்கள். கடிதம் தோட்டத்து ஒஃபிசுக்குப் போய்த்தான் வீட்டுக்கு வரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி கடந்தபின் கைக்கு வந்த கதை இந்த மண்டபத்திலேயே எத்தனை பேருக்குத் தெரியும்!

படத்தில் அழகாகத் தெரியும் சரிவு 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் இறங்கி வந்து லயங்களை மூடியது.

சரி, சுகாதாரத்துக்கு வருகிறேன். இந்தக் குவளையில் என்ன ஊற்றப் போகிறீர்கள்? கச்சான் வீசும் மாதங்களில் வரும் ஊவாத் தேயிலைக்கு ஈடில்லை, நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள், கீரை, பருப்பு, தானியத்திலிருந்து வரும் இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள விடாது. கோதுமை ரொட்டி, தொட்டுக்கொள்ளச் சம்பல், கூடவே சாயத் தேத்தண்ணி என்று மூன்று வேளையும் போனால் இரத்தம் எங்கிருந்து ஊறும்? கொழுந்தெடுக்கும் பெண்கள் பலர் வெளிறிப்போய் வருவதற்கு வேறு காரணங்களும் உண்டு: மாதப்போக்கு, அடுத்தடுத்த பிரசவம், பூச்சி, எல்லாவற்றுக்கும் மேலாக இறைச்சியும் மீனும் வாங்கப் போதாத சம்பளம். தேத்தண்ணியை நேரம் தள்ளிக் குடிப்பது காசில்லாமல் செய்யக்கூடியது என்பதால் அதை முதலில் சொல்கிறேன். சாப்பிட்டு ஒரு மணித்தியாலமாவது போகட்டும். சாப்பாட்டோடு தேசிக்காய், கொய்யா, நெல்லி ஏதாவது சேருங்கள். கர்ப்பிணிகளுக்குத் தரும் இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணியோடு விழுங்க வேண்டாம். வீட்டிலுள்ள அம்மாமாருக்கும் இதைச் சொல்லுங்கள். பழக்கத்தை விடமாட்டார்கள், திரும்பவும் சொல்லுங்கள்.

வெளிநாட்டிலுள்ள நமது மாணவியருக்காக இரண்டாம் தொகுதிக் குவளைகள் அச்சிடப் போவதாகக் கேள்வி. செப்புத் தகடு செதுக்கத் தேவையில்லாத காலம் இது. படத்தைத் தாளில் அச்சிட்டு, பூச்சிட்ட குவளையில் சுற்றிச் சூட்டில் அழுத்தினால் போதும், பதுளை டவுனில் ஃபோட்டோக் கடையிலேயே செய்வார்கள். ஆகவே அடுத்ததற்கு வாங்கிய தபாலட்டை வேண்டாம் என்று முன்மொழிகிறேன். நம் வீட்டுப் பெட்டிகளில் படம் இருக்கிறது: பாட்டி கூடையோடு நிற்பது, லயத்து வாசலில் எடுத்த கல்யாணப் படம், வெள்ளைச் சீருடையில் முதல் நாள். அவற்றில் ஒன்றைப் போடுவோம். கீழே அவருடைய முழுப் பெயரையும் டிவிஷனின் பெயரையும் போடுவோம்.

படம் தருகிறவர்கள் பின்புறத்தில் விபரத்தைப் பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். மை மறுபக்கம் ஊறிவிடும்.