எழுதினது யார் கையோ... பேசினது நம்ம சிப்பாய்!



தன்னார்வலர் கூட்டத்துல பேசினதை எழுத்தாப் போடச் சொல்லி நிறைய பேர் கேட்டீங்க. இதோ.

முதல் உலகப் போர். 1914 செப்டம்பர்ல இந்தியப் படை பிரான்ஸ்ல போய் இறங்குது. குண்டடி பட்டவங்களைக் கப்பல்ல ஏத்தி இங்கிலாந்துக்கு அனுப்புறாங்க. பிரைட்டன் நகர்ல ஒரு அரண்மனையே அவங்களுக்கு மருத்துவமனை ஆச்சு. 700க்கும் மேல படுக்கை. சாதி, மதம் பார்த்து 9 சமையலறை. அதைப் படம் பிடிச்சு, அஞ்சலட்டையா அச்சடிச்சு, "எப்படிக் கவனிக்கிறோம் பாருங்க"ன்னு பிரிட்டிஷ் அரசு விளம்பரம் பண்ணுச்சு.

படுக்கையில கிடந்தவனுக்கு மனசெல்லாம் ஊர்லதான். ஆனா பலருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிஞ்ச சக சிப்பாயோ எழுத்தரோ பக்கத்துல உக்காந்து, அவன் சொல்லச் சொல்ல எழுதினாங்க. ஊர்லயும் இன்னொருத்தர்தான் வாசிச்சுக் காட்டணும். நடுவுல தணிக்கை அதிகாரி வேற!

யோசிச்சுப் பாருங்க. பொண்டாட்டிகிட்ட சொல்ற ஒரு வார்த்தை, மூணு பேரைத் தாண்டிப் போகணும்.

அப்பவும் அவங்க வாய் மூடல. கருமிளகுன்னா இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகுன்னா வெள்ளைக்காரச் சிப்பாய். கருமிளகு தீர்ந்துபோச்சுன்னு எழுதினா, நம்ம ஆளுங்க செத்துக்கிட்டே இருக்காங்கன்னு அர்த்தம்.

தணிக்கை அதிகாரிகள் அந்தக் கடிதங்கள்ல இருந்து பகுதி பகுதியா எடுத்து, ஆங்கிலத்துல மாத்தி அறிக்கை எழுதினாங்க. அந்த அறிக்கைகள் இன்னைக்கும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துல இருக்கு. வேவு பார்க்க எடுத்த குறிப்பே, அஞ்சலட்டை மறைச்சதுக்கெல்லாம் சாட்சி ஆயிடுச்சு.

இது நமக்கு எதுக்கு? நாமளும் அடுத்தவங்களுக்காக எழுதுறவங்கதான். ஓய்வூதிய மனு, பட்டா மனு, மருத்துவ உதவி மனுன்னு யாராவது வந்து கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. ஒரு பாட்டி "மூணு மாசமா பணம் வரல, மாத்திரை வாங்க முடியல"ன்னு சொன்னா, அதை அப்படியே எழுதுங்க. "மேற்படி தொகை கிடைக்கப் பெறாமையால்"னு மாத்தினா, மாத்திரை காணாமப் போயிடும். பாட்டியும் காணாமப் போயிடுவாங்க.

எழுதி முடிச்சதும் ஒரு தடவை சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. "ஆமாப்பா, இதைத்தான் சொன்னேன்"னு அவங்க சொன்ன பிறகு கைநாட்டு வாங்குங்க.

பேனா நம்மளுது. பேச்சு அவங்களுது.