கொட்டாங்குச்சியிலிருந்து நுண்துளைக் கரி



தாவரப் பொருள்களைத் திறந்த காற்றில் எரித்தால் அவற்றிலுள்ள கார்பன் பெரும்பாலும் கரியமில வாயுவாகிக் காற்றில் கலந்துவிடும். காற்றைக் கட்டுப்படுத்திச் சூடேற்றினாலோ, ஈரமும் தாரும் எரியக்கூடிய வாயுக்களும் வெளியேறிவிட, கார்பன் மிகுந்த கரி எஞ்சும். கரியாக்கம் எனப்படும் இம்முறையில், மூன்று முதல் நான்கு கிலோ கொட்டாங்குச்சியிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோ கரி கிடைக்கிறது. மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்னும் பொருள் தேங்காய் ஓட்டில் மிகுந்திருப்பதாலும், ஓடு இயல்பாகவே அடர்த்தியாக இருப்பதாலும், அதன் கரி எளிதில் பொடியாகாத கடினத்தைப் பெறுகிறது.

இக்கரியை 800 முதல் 1,000 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் நீராவிக்கு உட்படுத்துவது அடுத்த கட்டமாகும். நீராவியிலுள்ள ஆக்சிஜனுடன் கார்பன் அணுக்களில் ஒரு பகுதி சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக வெளியேற, அவை இருந்த இடங்களில் நுண்துளைகள் உருவாகின்றன. இதுவே கிளர்வூட்டல், இதனால் கிடைப்பது கிளர்வூட்டிய கரி, அதாவது தொழிற்சாலைகளில் ஆக்டிவேட்டட் கார்பன் என வழங்கப்படும் பொருள். இரண்டு நானோமீட்டருக்கும் குறைந்த அகலமுடைய துளைகளே தேங்காய் ஓட்டுக் கரியில் மிகுதி என்பதால், ஒரே கிராம் கரியின் உட்பரப்பு 1,000 சதுர மீட்டர் அளவுக்கு, அதாவது இருபத்தைந்து சென்ட் நிலத்தின் அளவுக்கு விரிகிறது. கிளர்வூட்டல் அளவு மீறினால் துளைச் சுவர்கள் அரிக்கப்பட்டுக் கரி வலுவிழப்பதோடு எடையும் குறைந்துவிடுமாதலால், வெப்பத்தையும் நேரத்தையும் அளந்து நிறுத்துவதில்தான் இத்தொழிலின் நுட்பம் அடங்கியிருக்கிறது.

வாயு மூலக்கூறுகளும் நீரில் கரைந்த மாசுகளும் இத்துளைகளின் சுவரில் ஒட்டிக்கொள்வது பரப்புக் கவர்தல் எனப்படும். முதல் உலகப் போரின்போது 1915-இல் நச்சு வாயு பெருமளவில் பயன்படுத்தப்பட்ட பின்னர், முகமூடிகளில் நிரப்பத் தேங்காய் ஓட்டுக் கரி தேடப்பட்டது. அது போதாமல் அமெரிக்காவில் பீச் பழக் கொட்டைகளும் மக்களிடமிருந்து திரட்டப்பட்டன. இன்று குடிநீர் வடிகட்டியிலும், சயனைடு கரைசலிலிருந்து தங்கத்தைப் பிரித்தெடுப்பதிலும், மின்னூட்டத்தை விரைவாக ஏற்றும் மீமின்தேக்கியின் மின்முனையிலும் அதே கரி பயன்படுகிறது.

தமிழ்நாட்டின் காங்கயம், பொள்ளாச்சி வட்டாரங்களும் இலங்கையின் தென்னை மாவட்டங்களும் இக்கரிக்கு மூலப்பொருளான கொட்டாங்குச்சியை ஏராளமாகக் கொண்டவை. ஆயினும் ஓட்டைத் திறந்த குழிகளில் சுடும் பழைய முறையில், தாரும் வாயுக்களும் புகையாகிச் சுற்றுப்புறத்தைக் கெடுப்பதோடு, எரிபொருளாகப் பயன்படக்கூடிய ஆற்றலும் வீணாகிறது. மூடிய உலைகளில் சுட்டு, வெளியேறும் வாயுவை எரித்து, அதன் வெப்பத்தாலேயே நீராவியை உண்டாக்கினால், கழிவென்று கருதப்பட்டவை அனைத்தும் பயனுள்ளவையாகும். குழிச்சூளைகளைக் கைவிட்டு மூடிய உலைகளுக்கு மாறச் சிறு உற்பத்தியாளர்களுக்குக் கடனும் பயிற்சியும் வழங்குவது உடனடியாகச் செய்யப்பட வேண்டிய பணியாகும்.