கனவுக்கும் சாட்சி வேண்டும்



திருமணத்தில் சடங்குக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவைப் பேச இதைவிடப் பொருத்தமான வட்டாரம் அமையாது. இந்த இராஜபாளையத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தொலைவில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஆண்டுதோறும் பங்குனி உத்திரத்தன்று ஆண்டாளுக்கும் ரெங்கமன்னாருக்கும் திருக்கல்யாணம். அதற்குத் திருப்பதியிலிருந்து பட்டு வருகிறது. இதே மாவட்டத்தில், அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில், 1928 மே 28 அன்று பெரியார் தலைமையில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. ஒன்று வைதிகம், மற்றது அதன் மறுப்பு என்று இரண்டையும் எதிரெதிர்த் திண்ணைகளில் உட்கார வைத்துவிட்டுப் பேசத் தொடங்குவது நம் வழக்கம். அந்த இருக்கை ஏற்பாடே தவறு என்பது என் கருத்து. சமயத் திருமணம், பதிவுத் திருமணம் என்ற பிரிவினை ஐரோப்பாவின் சண்டையில் பிறந்தது. நம் மண்ணில் திருமணத்தைத் திருமணமாக்கியது சாட்சி.

ஐரோப்பியச் சண்டையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் எழுதிவைக்கும் ஏடு யார் கையில் இருப்பது என்பதே அங்கே வழக்கு. 1792 செப்டம்பரில் பிரெஞ்சுப் புரட்சி அரசு அந்த ஏட்டைப் பாதிரியார் கையிலிருந்து வாங்கி நகராட்சியிடம் கொடுத்தது. அதன் பிறகு அரச குடும்பங்களும் இரண்டு முறை மணம் செய்ய வேண்டி வந்தது. நெப்போலியனும் மரீ லூயிஸும் 1810 ஏப்ரல் 1 அன்று சட்டப்படியும் மறுநாள் சமயப்படியும் மணந்தார்கள். மொனாக்கோவில் 1956-இல் ரெய்னியர் இளவரசரும் நடிகை கிரேஸ் கெல்லியும் முதல் நாள் அரண்மனைச் சிம்மாசன அறையில் சட்டமுறை மணம் முடித்து, அடுத்த நாள்தான் பேராலயத்துக்குப் போனார்கள். இந்தப் பிளவு எவ்வளவு ஆழமானது என்பதை ஸ்பெயினில் காணலாம். 2004-இல் இளவரசர் பெலிப்பேயை மணந்த லெட்டீசியா ஏற்கெனவே பதிவு மணம் செய்து மணவிலக்குப் பெற்றவர். அந்த முதல் மணத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை கணக்கிலேயே எடுக்கவில்லை. ஆகவே மத்ரீத் பேராலயத்தின் கதவு அவருக்குத் திறந்தது. அடுத்த ஆண்டு இங்கிலாந்தில் சார்லஸும் கமீலாவும் வின்சர் நகர மன்றத்தில் பதிவு மணம் செய்துகொண்டு, பிறகு தேவாலயத்தில் ஆசி மட்டும் பெற்றார்கள். அரசின் ஏடும் சபையின் ஏடும் ஒன்றையொன்று பார்க்காமலே பக்கம் புரட்டுகின்றன.

நம்மிடம் அப்படி ஒரே சபையும் இல்லை, அதன் கையில் ஏடும் இல்லை. அகநானூற்றின் 86-ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் காட்டும் மணத்தைப் பாருங்கள். உழுந்து சேர்த்த சோறு, மணல் பரப்பிய பந்தல், விளக்கு, திங்களும் உரோகிணியும் கூடிய விடியல். பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் நீராட்டி வாழ்த்துகிறார்கள்; சுற்றத்தார் பெண்ணைக் கொடுக்கிறார்கள். அங்கே தீயும் புரோகிதரும் இல்லை, தாலியும் இல்லை. உறவும் ஊரும் இருக்கின்றன. இதை வைத்துத் 'தூய தமிழ் மணம்' ஒன்றைக் கட்டியெழுப்ப நான் வரவில்லை. ஒரு பாட்டு ஒரு குடியின் வழக்கத்தைக் காட்டும், அவ்வளவே.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களே எழுப்புவார்கள். வைணவத் திருமணங்களில் இன்றும் ஓதப்படும் வாரணம் ஆயிரம், நாச்சியார் திருமொழியின் ஆறாம் திருமொழி, சடங்குகளின் நிரலாகவே இருக்கிறதே. தீர்த்தம் தெளித்தல், காப்புக் கட்டுதல், கைத்தலம் பற்றுதல், தீவலம், அம்மி மிதித்தல், பொரியிடுதல் எல்லாம் வரிசையாக வருகின்றனவே. அப்படியிருக்கச் சடங்கைவிடச் சாட்சி பெரிது என்று எப்படிச் சொல்லலாம் என்பார்கள். நல்ல கேள்வி. முதலில், அந்த வரிசையில் இன்று நாம் உயிர்நாடி என்று கருதும் தாலிகட்டு இல்லை. ஆண்டாள் விட்டுவிட்டாள் என்று சிலரும் அக்காலத்தில் வழக்கமே இல்லை என்று சிலரும் வாதிடலாம். எப்படியானாலும் சடங்குப் பட்டியல் காலத்துக்குக் காலம் மாறக்கூடியது என்பது உறுதியாகிறது. இரண்டாவது காரணத்தையே நான் பெரிதாக எண்ணுகிறேன். அந்தக் கனவு முழுவதும் தோழியிடம் சொல்லப்படுகிறது. பாட்டுக்குப் பாட்டு அவள் தோழியை விளிக்கிறாள். மணமோ கனவில் நடக்கிறது. மணமகனோ மானிடன் அல்லன். தேவர்கள் வந்து நின்றும் அவளுக்குப் போதவில்லை. விழித்திருக்கும் ஒருத்தி கேட்டு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சடங்குகள் பாட்டுக்குப் பாட்டு மாறுகின்றன. மாறாமல் நிற்பவள் தோழி ஒருத்திதான்.

சுக்கிலநத்தத்துக்கு வருவோம். அங்கே புரோகிதரும் மந்திரமும் விலக்கப்பட்டன, கூட்டம் விலக்கப்படவில்லை. ஆனால் நீதிமன்றங்கள் சாத்திர நூல்களைக் கையில் வைத்துக்கொண்டு மணத்தை அளந்தன. 1953-இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் சுயமரியாதை மணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 1955-இன் இந்து திருமணச் சட்டமும் வழக்காறான சடங்கைத்தான் கேட்டது. இருபத்தைந்து ஆண்டு வழக்கம் வழக்காறு ஆகிவிடுமா? இந்த முடிச்சை அண்ணா அரசு 1967-இல் கொண்டுவந்த திருத்தம், அதாவது 7-ஏ பிரிவு, அவிழ்த்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாக இருவருக்கும் புரியும் மொழியில் சொன்னாலே போதும். மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ போதும். தாலி கட்டினாலும் போதும். முன்பு நடந்த மணங்களுக்கும் அது பொருந்தும் என்றது சட்டம். பிரெஞ்சு அரசைப் போல அதிகாரி ஒருவரை மணவறையில் உட்கார வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். சூடிக் கொடுத்தவளின் ஊரை வைத்துக்கொண்டு, மாலை மாற்றினால் மணம் என்ற விதியைப் புதுமை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

அவ்வளவு எளிதாக்கினால் மணத்துக்கு மதிப்புக் குறையாதா, ஏமாற்றுக்காரனுக்கு வசதியாகாதா என்பது இன்னொரு மறுப்பு. நடந்தது நேர்மாறு. நாகலிங்கம் – சிவகாமி வழக்கில் இரண்டாவதாக மணந்த கணவர், அந்த மணத்தில் ஏழடி வைக்கவில்லை, ஆகவே அது மணமே அல்ல, தான் குற்றவாளியும் அல்ல என்றார். உச்ச நீதிமன்றம் 2001-இல் 7-ஏ பிரிவைக் காட்டி, இங்கே ஏழடி கட்டாயமில்லை என்று முதல் மனைவியின் பக்கம் நின்றது. தப்பிக்கும் சந்தாகச் சடங்கைத்தான் அவர் பயன்படுத்தப் பார்த்தார்.

என் வாதத்துக்கு உண்மையிலேயே கடினமான மறுப்பு வேறு. சாட்சி ஊர் என்கிறீர்களே, ஊரே கத்தியோடு நின்றால் என்ன செய்வது? சாதி கடந்து மணப்பவர்களுக்கு உற்றாரும் ஊராரும் சாட்சிகளாக இருப்பதில்லை; துரத்துபவர்களாக இருக்கிறார்கள். இதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். ஆனால் சட்டத்தில் உள்ள 'பிறர்' என்ற சிறு சொல்லைப் பாருங்கள். வழக்கறிஞர் முன்னிலையில் நடக்கும் மணம் செல்லாது, பகிரங்கமாக அறிவிக்க வேண்டும் என்ற பழைய தீர்ப்பை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இளவரசன் வழக்கில் விலக்கியது. வெளிப்படையாக அறிவித்தால் உயிருக்கே ஆபத்து நேரும் இணையரை மனத்தில் கொண்டு அப்படிச் சொன்னது. ஊர் மறுத்த இடத்தில் 'பிறர்' வந்து நிற்கிறார். ஆண்டாளுக்கு வாய்த்த தோழியும் ஊர் அல்லள், ஒருத்திதான்.

அப்படியானால் பதிவேடு எதற்கு? 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் நடக்கும் எந்த மணத்தையும் 90 நாளுக்குள் பதிய வேண்டும். அதை நான் வரவேற்கிறேன். சாட்சிகள் மறப்பார்கள், இறப்பார்கள், சில சமயம் விலைக்கும் போவார்கள். ஆனாலும் 2024-இல் உச்ச நீதிமன்றம், சடங்கு எதுவும் நடத்தாமல் சான்றிதழ் மட்டும் வாங்கிய ஓர் இணையரின் மணம் இந்து திருமணமே அல்ல என்று அறிவித்தது. பிரான்சில் ஏடு மணத்தை உண்டாக்குகிறது; இங்கே ஏடு நடந்த மணத்தைக் குறித்துக்கொள்கிறது. அந்தப் படிவத்திலும் சாட்சிகள் கையெழுத்திட இடம் விட்டிருக்கிறார்கள். இந்த அவையில் கட்டுரை படிக்கவிருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: சடங்குகளின் வேரைத் தேடும் நேரத்தில் பாதியையாவது, நம் மணங்களில் அந்த இடத்தில் யார் யார் கையெழுத்திட்டு வந்திருக்கிறார்கள் என்று தேடுவதற்கு ஒதுக்குங்கள்.