சார்ஜ் என்னும் சொல்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிக் வரையே படித்த ரயில்வே குமாஸ்தாவுக்குச் சொல்லாராய்ச்சி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஆயினும் நாள்தோறும் என் மேசைமேல் வந்து விழும் சொல் ஒன்றைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டன்றோ? ‘சார்ஜ்’ என்பதே அச்சொல்.

சரக்கு அலுவலகத்தில் சார்ஜ் என்றால் கட்டணம். மாற்றலாகிச் செல்லும் நிலைய அதிபர் அடுத்தவரிடம் ஒப்படைக்கும் சார்ஜ், பொறுப்பு. பெட்டிக்கு அடியிலுள்ள பாட்டரியில் ஏறும் சார்ஜ், மின்சாரம். இருப்புப்பாதைக்கு மேலே செல்லும் கம்பி சார்ஜ் ஆகிவிட்டதென்று அறிவிப்பு வந்தபின் அதைத் தொட்டவன் பிழையான். போலீஸார் லத்தி சார்ஜ் செய்தால் அது தடியடி. 1854-இல் கிரிமியப் போரில், பாலக்லாவா என்னுமிடத்தில் ஆங்கிலக் குதிரைப்படை பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்ததும் சார்ஜே. கைப்பேசியில் சார்ஜ் இல்லையென்று நம் வீடுகளில் எழும் கூக்குரலைச் சொல்லவே வேண்டியதில்லை!

அகராதியைப் புரட்டினால் வேர் ஒன்றே என்று தெரிகிறது. லத்தீன் மொழியில் கர்ரூஸ் என்றால் வண்டி. வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த கர்ரிகாரே என்னும் வினை, பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து சார்ஜ் ஆயிற்று. காரும் கார்கோவும் அதன் உறவினரே. ஒருவன்மேல் வேலையை ஏற்றினால் பொறுப்பு. பழியை ஏற்றினால் குற்றச்சாட்டு. தமிழும் இவ்வழியே சென்றிருப்பதுதான் வியப்பு. பொறுத்தல் என்பதற்குச் சுமத்தல் என்றும் பொருளுண்டு. அதிலிருந்து பிறந்ததே பொறுப்பு. குற்றத்தையும் நாம் ‘சுமத்துகிறோம்’ அல்லவா?

ஆனால் தமிழில் பொறுப்பும் குற்றச்சாட்டும் வெவ்வேறு சொற்கள். ஒன்றை மற்றொன்றாக மயங்க இடமில்லை. ஆங்கிலச் சொல்லால் விளைந்த மயக்கம் ஒன்றைக் கேளுங்கள். நம்மவர் ஒருவர், பாதைத் தொழிலாளி, ஆங்கிலம் அறியாதவர். ‘உனக்குச் சார்ஜ் வந்திருக்கிறது’ என்று கூறி ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினர். மேஸ்திரிப் பொறுப்பே கிடைத்ததென்று மகிழ்ந்து, அண்டை வீடுகளுக்கெல்லாம் பேடா வழங்கினார். ஆறாம் நாள் அத்தாள் என் கைக்கு வந்தது. அது குற்றப்பத்திரிகை! மறுமொழிக்குத் தவணை 10 நாள். அன்றிரவே குவார்ட்டர்ஸ் வராந்தாவில் அமர்ந்து, அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் ஆங்கிலத்தில் எழுதினேன். ஒன்பதாம் நாள் அதைச் சேர்ப்பித்து ரசீதும் பெற்றோம். அவர் இன்றும் வேலையில் இருக்கிறார்.

ஆகையால், இக்காலனியில் எவர் வீட்டுக்கு அச்சொல் தாங்கிய தாள் வந்தாலும், அன்று மாலையே சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். படித்துப் பொருள் சொல்ல நாங்கள் நால்வர் இருக்கிறோம். அதற்குச் சார்ஜ் கிடையாது.